ஐந்நூறாம் எண்

அன்றைக்கு மேனேஜர் அறையில் இருந்தவர்கள் எட்டுப் பேர், சார். மேனேஜர் ராமசேஷன் ஒன்று. பாதுகாப்பு அதிகாரி இஸ்மாயில் சார் இரண்டு. கோயம்புத்தூரிலிருந்து புது டெலிபோன் எக்ஸ்சேஞ்ச் பெட்டியோடு வந்த எஞ்சினியர் கௌதமன் மூன்று. ஃபாக்டரி முதலுதவி அறை கம்பவுண்டர் லூர்துசாமி நான்கு. டிஸ்டிலரி கம்பவுண்டர் கோதண்டபாணி ஐந்து. குவார்ட்டர்ஸ் டிஸ்பென்சரி நர்ஸ் வசந்தகுமாரி அம்மா ஆறு. நான் ஏழு. டீ கொண்டு வந்த அஞ்சலாட்சி எட்டு. அஞ்சலாட்சி மூன்று நிமிஷம்தான் நின்றாள். ஆனாலும் நின்றாள், அதனால் சேர்க்கிறேன். போன தடவை விசாரணையில் இதைக் கேட்டபோது அந்த அதிகாரி "ஆறேழு பேர்" என்று எழுதிக்கொண்டார். ஆறேழு என்று ஓர் எண் கிடையாது சார். ஆறு உண்டு, ஏழு உண்டு.

நீங்கள் இந்த விசாரணை ஆபீஸ் வாசலில் ஏதோ கையெழுத்துக்காகக் காத்திருக்கிறீர்கள். உங்களிடம் இதையெல்லாம் சொல்வது எனக்கே கூச்சமாக இருக்கிறது. நான் அதிகம் பேசுகிறவன் இல்லை. என் வீட்டிலேயே கேட்டுப் பாருங்கள், இருக்கிற இடம் தெரியாது என்பார்கள். நீங்கள்தான் "எதுக்கு வந்திருக்கீங்க" என்று கேட்டுவிட்டீர்கள். கேட்ட பிறகு பாதி சொல்லி நிறுத்துவது சரியில்லை.

ஒரே ஒரு கேள்விக்குப் பதில் சொல்ல வந்திருக்கிறேன். பிப்ரவரி இருபத்திரண்டாம் தேதி, பகல் இரண்டு பத்துக்கு, எங்கள் மில்லில் முதலுதவிக்கான ஐந்நூறாம் எண் போன் அடித்ததா, அடிக்கவில்லையா. அவ்வளவுதான். அடிக்கவில்லை என்றால் தப்பு எக்ஸ்சேஞ்சில், அதாவது என்னிடம். கரும்பு யார்டில் தனகோட்டி என்கிற டிராக்டர் டிரைவர் செத்ததற்கு நான் காரணம். முப்பத்தொரு வருஷ வேலைக்குப் பிறகு, ஓய்வுக்கு ஏழு மாதம் இருக்கும்போது, ஒரு ஆளைக் கொன்றவன் என்று வெளியே போக வேண்டும். அடித்தது என்றால் என் பேரில் ஒன்றும் இல்லை. இரண்டு கம்பவுண்டரும் நர்ஸ் அம்மாவும், மூன்று பேரும், அடிக்கவில்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டார்கள். அடித்தது என்று சொல்ல என்னிடம் மட்டும்தான் ஆதாரம் இருக்கிறது. இதோ, இந்த நோட்டு. இன்றைக்குத்தான் உள்ளே கொடுக்கப்போகிறேன்.

என் பெயர் திருவேங்கடம். எட்டாவது வரைக்கும் படித்தேன். சர்க்கரை மில்லில் கம்பத்தில் ஏறி ஒயர் இழுக்கிறவனாகச் சேர்ந்தேன். பிறகு எக்ஸ்சேஞ்ச் அறையில் உட்கார வைத்தார்கள். ஃபாக்டரி ஒரு இடம், ஸ்பிரிட் வடிக்கிற டிஸ்டிலரி ஒரு இடம், குவார்ட்டர்ஸ் ஒரு இடம். மூன்றிலும் தனித்தனி இன்டர்காம் எக்ஸ்சேஞ்ச். மூன்றையும் பார்த்துக்கொள்வது நான் ஒருவன்.

இதில் ஒரு தொல்லை இருந்தது. மூன்றிலும் ஒரே எண்கள். இருபத்தொன்று என்றால் ஃபாக்டரியில் மேனேஜர், டிஸ்டிலரியில் லேப், குவார்ட்டர்ஸில் கோயில் கமிட்டி தலைவர் வீடு. ஃபாக்டரியிலிருந்து குவார்ட்டர்ஸுக்குப் பேச முதலில் எட்டு அழுத்த வேண்டும். எட்டை மறந்துவிட்டால் மேனேஜருக்குப் போகும். ஒரு மார்கழியில் ஃபிட்டர் ஒருவர், "தலைவரே, நாளைக்குப் பொங்கலுக்கு எத்தனை படி அரிசி போடறது?" என்று மேனேஜரிடமே கேட்டார். மேனேஜர், "ரெண்டு படி போடு, முந்திரிய கொறச்சுக்கோ" என்று சொல்லிவிட்டு, மறுநாள் அந்த ஃபிட்டரைக் கூப்பிட்டு அரை மணி நேரம் திட்டினார். சிரிக்கிறீர்கள். அப்போது எல்லோரும் சிரித்தார்கள்.

அதனால் மூன்றையும் கேபிளில் இணைத்து, மில் முழுக்க ஒரே எண் பட்டியல் என்று முடிவானது. எங்கிருந்து அழுத்தினாலும் ஒரே எண், ஒரே ஆள். ஃபாக்டரிக்கு இருநூறில் தொடங்குவது, டிஸ்டிலரிக்கு முந்நூறு, குவார்ட்டர்ஸுக்கு நானூறு. பட்டியல் போட்டது நான். எஞ்சினியர் பையன் கம்ப்யூட்டரில் ஏற்றினானே தவிர, எந்தப் போன் எந்தச் சுவரில் தொங்குகிறது என்று அவனுக்கு என்ன தெரியும். ஒவ்வொரு போனுக்கும் நடந்து போய்ப் பார்த்தேன். ஃபாக்டரியில் அறுபத்தொன்று. டிஸ்டிலரியில் இருபத்துநான்கு. குவார்ட்டர்ஸில் நாற்பத்தொன்று. மொத்தம் நூற்று இருபத்தாறு. எஞ்சினியர் கொண்டு வந்த தாளில் நூற்று இருபது என்று போட்டிருந்தது. "தோராயமா போட்டதுங்க ஐயா" என்றான். தோராயமாக ஒரு போன் அடிக்குமா, சொல்லுங்கள்.

புது எண்ணை ஒட்டப் போன இடத்தில் எல்லாம் சண்டை. பழைய கெமிஸ்ட் தன்னுடைய பதினொன்றை விடமாட்டேன் என்றார். இருநூற்றுப் பதினொன்று தருகிறேன் சார், கடைசியில் பதினொன்று இருக்கிறது என்றேன். "வேட்டிய உருவிட்டு துண்டு குடுக்கறியாய்யா" என்றார். ஆனாலும் வாங்கிக்கொண்டார்.

கடைசியில் முதலுதவி எண் வந்தது. அதற்குத்தான் அந்த எட்டுப் பேர் கூட்டம். அதுவரைக்கும் ஃபாக்டரி முதலுதவிக்கு இருபத்தேழு, டிஸ்டிலரியில் பதினான்கு, குவார்ட்டர்ஸில் முப்பத்துமூன்று. அரவை சீசனில் புதிதாக வருகிற ஆட்கள் மூன்றையும் எங்கே ஞாபகம் வைத்துக்கொள்வார்கள். இஸ்மாயில் சார் நல்ல மனுஷர். "ஒரே எண் வைப்போம், ஐந்நூறு. எவன் எங்க நின்னு அழுத்தினாலும் உதவி கிடைக்கணும்" என்றார். எல்லோரும் சரி என்றார்கள்.

எஞ்சினியர் இரண்டு விதமாகச் செய்யலாம் என்றான். ஒன்று, வரிசையாக. முதலில் ஓர் அறையில் நான்கு தடவை மணி அடிக்கும். எடுக்காவிட்டால் அடுத்த அறைக்குப் போகும், பிறகு மூன்றாவதற்கு. இன்னொன்று, மூன்றிலும் ஒரே நேரத்தில் அடிப்பது. "வரிசையா வச்சா பொறுப்பு தெளிவா இருக்கும்" என்றும் சொன்னான். அதை மறைக்க மாட்டேன். சொன்னான்.

வரிசை என்றதும் பிடித்துக்கொண்டது.

"யாரு மொதல்ல?" என்றார் லூர்துசாமி.

"ஃபாக்டரிதான்" என்றான் எஞ்சினியர்.

"அப்ப மில்லுல எவன் விரல்ல சிராய்ச்சாலும் என் தலையிலயா? கோதண்டம் அங்க காத்து வாங்கட்டும், நான் இங்க ஓடணும்."

கோதண்டபாணி, "நீ ஓடி நான் பார்த்ததே இல்லையேய்யா" என்றார்.

வசந்தகுமாரி அம்மா, "வேன் நிக்கிறது என்கிட்ட. கடைசியா எனக்கு வந்தா, எட்டு மணி அடிச்ச பிறகு வேன் எடுத்து என்ன பிரயோஜனம்?" என்றார். அவர் சொன்னது நியாயம்.

இப்படியே இருபது நிமிஷம். மேனேஜர் கடிகாரத்தைப் பார்த்தார். நான் கூட்டத்தில் பேசியதே இல்லை சார். முப்பத்தொரு வருஷத்தில் அன்றைக்குத்தான் வாயைத் திறந்தேன். எழுந்து நின்று, "மூணுலயும் ஒண்ணாவே அடிக்கட்டும் சார். அப்பதான் எல்லாருக்கும் சம எண்ணிக்கை" என்றேன். வரிசை வைத்தால் ஒருவருக்கு நான்கு மணி, ஒருவருக்கு ஒன்பதாவதில் ஆரம்பம். ஒரே எண்ணுக்குள் மேடு பள்ளம். அது எனக்குப் பொறுக்கவில்லை. மேனேஜர் மேசையைத் தட்டி, "திருவேங்கடம் சொல்றதுதான் சரி" என்றார். என் காது சூடாகிவிட்டது.

இன்னொன்றும் சொன்னேன். ஒரு வேலைக்கு ஓர் எண் போதும் என்று, மூன்று அறைகளின் தனி எண்களையும் எடுத்துவிடச் சொன்னேன். இருந்தால் சிலர் பழைய எண்ணில் அடிப்பார்கள், சிலர் புது எண்ணில் அடிப்பார்கள், பட்டியல் அசிங்கமாகிவிடும். எடுத்துவிட்டார்கள்.

மேனேஜர் ஒரு விதி போட்டார். எடுத்தவரே முடிக்க வேண்டும். யார் போனை எடுத்தாரோ அவர்தான் போக வேண்டும், அவர்தான் ரெஜிஸ்டரில் எழுத வேண்டும், ஆளைப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புவதென்றால் அவர்தான் கூடப் போக வேண்டும். அடுத்தவர் மேல் தள்ளிவிடக் கூடாது. மூன்று பேரும் தலையை ஆட்டினார்கள்.

நான் ஒன்று கேட்டேன். என் மேசையிலும் ஐந்நூறுக்கு ஒரு போன் வேண்டும் என்று.

"உனக்கு எதுக்குய்யா?" என்றார் மேனேஜர்.

"எண்ணறதுக்கு சார். எத்தனை மணில எடுக்கறாங்க, யாரு எடுக்கறாங்கன்னு பார்த்தாதான லைன் சரியா இருக்கான்னு தெரியும்."

லூர்துசாமி, "குடுத்துருங்க சார். வீட்டுல கொசுவத்திச் சுருள்ல எத்தனை சுத்து இருக்குன்னு எண்ணிட்டுதான் கொளுத்துவாரு" என்றார். அஞ்சலாட்சி தட்டோடு நின்று சிரித்தாள். அந்த மூன்று நிமிஷத்தில்தான் இது.

மேனேஜர், "சரி, வச்சுக்கோ. கேட்டுக்கோ, எடுக்காத. கட்டுப் போடத் தெரியுமா உனக்கு?" என்றார். தெரியாது என்றேன். தெரியாதது உண்மைதானே.

அவர் சொல்லாவிட்டாலும் நான் எடுக்க மாட்டேன் சார். அதற்கு ஒரு காரணம் உண்டு. பதினெட்டு வருஷத்துக்கு முன்னால் கெமிஸ்ட் அறையில் ஒயர் மாற்றிக்கொண்டிருந்தேன். அவர் வெளியே போயிருந்தார். போன் அடித்தது, விடாமல் அடித்தது. பாவம், யாரோ என்று எடுத்தேன். அவருடைய வீட்டம்மா. நான் வாயைத் திறப்பதற்குள், "வர்றப்ப வெண்டைக்காய் வேணாங்க, நேத்து வாங்கினது முத்தல்" என்றார்கள். "சரிங்கம்மா" என்று வைத்துவிட்டேன். அவ்வளவுதான் நடந்தது. அதற்கு மெமோ. பிறருடைய உரையாடலில் அனுமதியின்றி நுழைந்ததாக. மில்லில் ஒரு மாதம் என்னை வெண்டைக்காய் என்றுதான் கூப்பிட்டார்கள். அந்த மெமோ இன்னும் வீட்டில் இருக்கிறது. அன்றிலிருந்து என் எண்ணைத் தவிர வேறு எண்ணை நான் தொட்டதில்லை. என் எண் ஒன்பது. ஆபரேட்டர் எண். அது கறுப்புப் போன். ஐந்நூறுக்கு வந்தது வெள்ளைப் போன். இரண்டும் ஒரே மேசை, நடுவில் ஒரு சாண்.

டிசம்பர் பத்தாம் தேதி ஐந்நூறு ஓட ஆரம்பித்தது. அதோடு போன் நூற்று இருபத்தேழு ஆனது, என் வெள்ளைப் போனைச் சேர்த்து. அன்றைக்கே இந்த நோட்டைத் தொடங்கினேன். பாருங்கள். தேதி, நேரம், மணி எத்தனை, எடுத்தவர் யார். எடுத்தவர் யார் என்பது என் பெட்டியில் விளக்கு எரிவதிலிருந்து தெரியும். எங்கிருந்து அடிக்கிறார்கள், யார் அடிக்கிறார்கள், என்ன விஷயம், அதெல்லாம் யாருக்கும் தெரியாது. எடுத்தால்தான் தெரியும். எடுக்கவும் பயம், எடுத்தால் வேலை.

பிப்ரவரி இருபத்தொன்று வரைக்கும் தொண்ணூற்று நான்கு தடவை அடித்திருக்கிறது. லூர்துசாமி எடுத்தது முப்பத்தொன்பது. நர்ஸ் அம்மா நாற்பத்தாறு. கோதண்டபாணி ஒன்பது. கூட்டிப் பார்த்துக்கொள்ளுங்கள். ஆரம்பத்தில் இரண்டாவது மணிக்குள் எடுத்துவிடுவார்கள். சில சமயம் இரண்டு பேர் ஒன்றாக எடுத்துவிட்டு, "நான் பாக்கறேன்", "இல்ல நான் பாக்கறேன்" என்பார்களாம். அது முதல் வாரம். பிறகு ஒரு நாள் குவார்ட்டர்ஸில் ஒரு குழந்தைக்கு வலிப்பு. கோதண்டபாணி எடுத்துவிட்டார். எடுத்தவரே முடிக்க வேண்டும் அல்லவா. டிஸ்டிலரியிலிருந்து ஒன்றரைக் கிலோமீட்டர் சைக்கிளில் போய், அந்தக் குழந்தையோடு ஆஸ்பத்திரிக்கும் போய், திரும்பி வரும்போது டிஸ்டிலரியில் அவரைக் காணோம் என்று ஆப்சென்ட் போட்டுவிட்டார்கள். அதற்குப் பிறகு அவர் எடுத்தது மொத்தம் இரண்டு.

லூர்துசாமி அறையும் என் அறையும் பக்கத்துப் பக்கத்து அறை. நடுவில் ஒரு செங்கல் சுவர்தான். ஒரு நாள் டீ குடிக்கும்போது சொன்னார். "திருவேங்கடம், இப்ப நான் மூணு மணி பொறுக்கறேன்யா. மூணு மணிக்குள்ள அந்தம்மா எடுத்துருது."

நர்ஸ் அம்மா என்ன செய்தார் என்று எனக்குத் தெரியாது. ஆனால் நோட்டில் தெரிகிறது. அவரும் பொறுக்க ஆரம்பித்துவிட்டார். பொங்கல் வாரத்தில் நான்கு மணி. ஜனவரிக் கடைசியில் ஆறு. பிப்ரவரி பிறந்ததும் ஏழு, எட்டு. பத்தொன்பதாம் தேதி ஒன்பது. ஒவ்வொன்றும் தேதியோடு இருக்கிறது. வேறு யாராவது இப்படி எழுதி வைத்திருப்பார்களா?

யாரிடமாவது சொன்னீர்களா என்கிறீர்கள். இஸ்மாயில் சார் ஒரு தடவை வராண்டாவில் நிறுத்திக் கேட்டார். "ஐந்நூறு எப்படிங்க போகுது, பிரச்சினை இல்லையே?" என்றார். "எல்லா எடத்துலயும் சரியா அடிக்குது சார்" என்றேன். சரியாகத்தான் அடித்தது. ஒரு அறைக்கு ஒன்று குறையவில்லை, கூடவில்லை. லேட்டாக எடுக்கிறார்கள் என்று நான் போய்ச் சொல்வதற்கு நான் என்ன அவர்களுக்கு மேலதிகாரியா. லைன் என்னுடையது. கை அவர்களுடையது.

இருபத்திரண்டாம் தேதிக்கு வருகிறேன்.

அரவை உச்சத்தில் இருந்தது. யார்டில் அன்றைக்கு நூற்றுப் பதினாறு டிராக்டர், நாற்பது மாட்டு வண்டி. அது டோக்கன் கணக்கு, மங்கையர்க்கரசி சொன்னது. யார்டில் டோக்கன் போடுகிற பெண். வண்டியோடு வண்டி ஒட்டி நின்றால் நடுவில் ஆள்கூட நுழைய முடியாது. செல்போனா? டிஸ்டிலரி இருப்பதால் நெருப்பு பயம், கேட்டிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள். டோக்கன் கூண்டில் இருக்கிற இன்டர்காம்தான் எல்லாம்.

கரும்புக் கட்டைத் தூக்குகிற சங்கிலி அறுந்தது. அறுந்த முனை சுழன்று வந்து தனகோட்டி தொடையில் அடித்தது. அவர் டிராக்டரை விட்டுக் கீழே இறங்கி, கரும்பு சரியாக ஏறுகிறதா என்று பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறார். ரத்தம் நிற்கவில்லை. யாரோ தலைப்பாகையை அவிழ்த்துக் கட்டியிருக்கிறார்கள். மங்கையர்க்கரசி கூண்டுக்குள் ஓடி ஐந்நூறு அழுத்தினாள்.

இதெல்லாம் எனக்குப் பிறகு தெரிந்தது. அந்த நேரத்தில் எனக்குத் தெரிந்தது வெள்ளைப் போன் அடித்தது மட்டும்தான்.

அப்போதுதான் சாப்பிட்டுவிட்டு டிபன் கேரியரை மூடினேன். இரண்டு பத்து. வெள்ளைப் போன் அடித்தது. அதே நேரத்தில் சுவருக்கு அந்தப் பக்கம் லூர்துசாமி அறையிலும் அடித்தது. இரண்டும் ஒன்றுக்கொன்று ஒரு நூல்கூடப் பிசகவில்லை. அதைக் கவனித்தேன். கேபிள் நான் இழுத்தது. நோட்டைத் திறந்து பென்சிலை எடுத்தேன். மூன்றாவது மணி. லூர்துசாமி உள்ளே இருக்கிறார், நாற்காலி நகர்கிற சத்தம் கேட்டது. நான்கு. ஐந்தாவதில் பென்சில் முனை ஒடிந்துவிட்டது. இழுப்பறையிலிருந்து வேறு பென்சில் எடுத்தேன், ஆனால் எண்ணிக்கையை விடவில்லை. ஆறு, ஏழு. எட்டு வரைக்கும் பழக்கம்தான். ஒன்பதில், பத்தொன்பதாம் தேதிக்குச் சமமாகிவிட்டது என்று நினைத்தேன். பத்தில் நிமிர்ந்து உட்கார்ந்தேன். இதுவரை பத்து வந்ததே இல்லை. விளக்கைப் பார்த்துக்கொண்டே இருந்தேன், யார் எடுக்கப்போகிறார்கள் என்று. பதினொன்று அடித்து நின்றது. விளக்கு எரியவில்லை.

இதோ அந்த வரி. இரண்டு பத்து, பதினொன்று, எடுத்தவர் என்ற இடத்தில் ஒரு கோடு. தொண்ணூற்று நான்கு வரியில் ஒரு கோடு கிடையாது. இது தொண்ணூற்று ஐந்தாவது. எனக்கு அது என்னவோ போல் இருந்தது. அழித்துவிட்டு எழுதலாமா என்றுகூடத் தோன்றியது. ஆனால் எடுக்காததை எடுத்தார் என்று எப்படி எழுதுவது.

மங்கையர்க்கரசி ரிசீவரை வைத்துவிட்டு ஓடியிருக்கிறாள். வண்டிகளுக்கு நடுவில் புகுந்து, மில் வேலியைச் சுற்றி, வேன் நிற்கிற டிஸ்பென்சரிக்கே போயிருக்கிறாள். வேன் யார்டுக்கு வந்தது இரண்டு முப்பத்தாறுக்கு. இருபத்தாறு நிமிஷம். ஆஸ்பத்திரி டாக்டர் பாதி நேரத்தில் கொண்டு வந்திருந்தால் பிழைத்திருப்பார் என்றாராம். பாதி என்றால் பதின்மூன்று.

மறுநாள் மூன்று பேரும் எழுதிக் கொடுத்தார்கள். லூர்துசாமி, "நான் அறையில்தான் இருந்தேன், போன் அடிக்கவில்லை." கோதண்டபாணி, "அடிக்கவில்லை." நர்ஸ் அம்மா, "ஒரு கைக்குழந்தைக்கு ஊசி போட்டுக்கொண்டிருந்தேன், எதுவும் கேட்கவில்லை." எஞ்சினியரைக் கேட்டார்கள். உள்ளுக்குள் பேசுகிறது பெட்டியில் பதியாது, மில்லுக்கு வெளியே போகிற போன் மட்டும்தான் பதியும் என்று சொல்லிவிட்டான். அப்புறம் யார் பேரில் வரும்? புது எண் போட்டவன் பேரில், பட்டியல் எழுதியவன் பேரில். இப்போது வராண்டாவில் லூர்துசாமி என்னைப் பார்த்தால் தரையைப் பார்க்கிறார். இத்தனைக்கும் இரண்டு பேரும் பதினைந்து வருஷம் ஒன்றாகச் சாப்பிட்டவர்கள்.

நான்காம் நாள் மங்கையர்க்கரசி என் அறைக்கு வந்தாள். அதற்கு முன்னால் அவள் அங்கே வந்ததில்லை. வாசலிலேயே நின்றாள்.

"அண்ணே, அன்னிக்கு மணி அடிச்சுதா அண்ணே? எல்லாரும் நான் நம்பரைத் தப்பா அழுத்திட்டேங்கறாங்க."

எனக்கு மனசு கேட்கவில்லை. "நீ சரியாத்தாம்மா அழுத்தின. அடிச்சுது. பதினொண்ணு" என்றேன்.

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"இங்கயும் அடிக்கும்ல." வெள்ளைப் போனைக் காட்டினேன். "பதினொண்ணையும் கேட்டேன். எழுதி வச்சிருக்கேன், பாரு."

நோட்டைத் திருப்பிக் காட்டினேன். அவள் நோட்டைப் பார்க்கவில்லை. போனைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், மறுபடி போனைப் பார்த்தாள்.

"நீங்க இங்கயேதான் உக்காந்திருந்தீங்களா?"

"இங்கயேதாம்மா. அசையலை."

"எழுதி வச்சிருக்கீங்க" என்றாள். கேள்வியாகவும் சொல்லவில்லை, பாராட்டாகவும் சொல்லவில்லை. போய்விட்டாள். அதற்குப் பிறகு என்னிடம் பேசுவதில்லை. அவள் பேரில் இருந்த பழியைத் துடைக்கிற ஆதாரம் என்னிடம்தான் இருக்கிறது, ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அந்த மூன்று பேர் மேல் இருக்கிற கோபம் போலிருக்கிறது. எல்லோர் மேலும் பாய்கிறது.

என்ன சார்? நான் ஏன் எடுக்கவில்லை என்கிறீர்களா?

அது என் எண் இல்லையே சார். சொன்னேனே. கேட்டுக்கோ, எடுக்காத என்று மேனேஜர் எட்டுப் பேர் இருந்த அறையில் சொன்னார். எடுத்தவரே முடிக்க வேண்டும் என்பது விதி. நான் எடுத்து எதை முடிப்பது. எனக்குக் கட்டுப் போடத் தெரியாது, வேன் என்னிடம் இல்லை. சுவரைத் தட்டியிருக்கலாம் என்கிறீர்கள். தட்டியிருக்கலாம். லூர்துசாமிக்குக் காது கேட்காது என்று யார் நினைத்தார்கள். அங்கேயும்தான் அடித்ததே.

ஒன்று சொல்கிறேன். அவள் ஒன்பதை அழுத்தியிருந்தால் ஒரே மணியில் எடுத்திருப்பேன். எக்ஸ்சேஞ்சில் உட்கார்ந்த நாளிலிருந்து ஒன்பது இரண்டாவது மணி அடித்ததே இல்லை. யாரை வேண்டுமானாலும் கேளுங்கள். சாப்பிட்டுக்கொண்டிருந்தாலும் இடது கையால் எடுத்துவிடுவேன். கறுப்புப் போன் அங்கேயேதான் இருந்தது, ஒரு சாண் தள்ளி. அவள் ஏன் ஒன்பதை அழுத்தவில்லை. அதுதான் எனக்குப் புரியவில்லை. யோசித்து யோசித்துப் பார்க்கிறேன். யார்டில் ஒட்டின பலகையில் ஐந்நூறு என்று பெரிதாகப் போட்டிருந்தது, அதுவும் நான் ஒட்டினதுதான். அதைப் பார்த்து அழுத்தினாள். அவள் பேரிலும் தப்பு சொல்ல முடியாது.

ஒரு நிமிஷம். கூப்பிடுகிறாரே, என் பெயர்தானே? ஆமாம். திருவேங்கடம் என்கிறார். வருகிறேன் ஐயா, இதோ.

நோட்டைக் கொடுக்கிறேன் சார். அடித்தது, பதினொன்று, நான் கேட்டேன். எழுத்தில் இருக்கிறது. இதற்கு மேல் யார் என்ன சொல்ல முடியும்?

நோட்டில் இல்லாத ஒன்று மட்டும் இருக்கிறது. அதைக் கேட்டால் சொல்வேன், கேட்காவிட்டாலும் சொல்லத்தான் வேண்டும் என்று இப்போது தோன்றுகிறது. யாரும் எடுக்காவிட்டால் எத்தனை மணியில் நிற்கட்டும் என்று எஞ்சினியர் என்னைத்தான் கேட்டான். பதினாறு வை என்றேன். அவள் பதினொன்றிலேயே ரிசீவரை வைத்துவிட்டாள். அது நின்ற பிறகும் நான் பென்சிலைப் பிடித்துக்கொண்டு அந்த வெள்ளைப் போன் எதிரிலேயே கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன் சார், ஏன் என்று தெரியவில்லை. அடிக்க வேண்டியது இன்னும் ஐந்து மீதி இருந்தது.